ஓவர்கிளாக்கிங்: துடிப்பேற்றமா, மிகைத்துடிப்பா?

வணக்கம்.

நம் கணினி வன்பொருள் தமிழ்ச் சொற்பட்டியலில் ஓவர்கிளாக்கிங் (தயாரிப்பாளர் உறுதியளித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டுவது) என்ற வரி இன்னும் காலியாகக் கிடக்கிறது. வந்திருக்கும் ஒரே பரிந்துரை ‘மிகைக்கடிகாரம்’. எனக்கு இதில் இரண்டு தடைகள்.

செயலிக்குள் ஓடும் கிளாக் மணி காட்டுவதற்கானது அல்ல. ஏறி இறங்கும் மின் துடிப்புகளின் தொடர் அது. மதர்போர்டு தரும் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதை 50 என்ற பெருக்கியால் பெருக்கிக்கொண்டால் 5 கிகாஹெர்ட்ஸ். இதைக் கடிகாரம் என்றால் மாணவர் மனத்தில் தவறான படம்தான் விழும். அடுத்து, கடிகாரத்தை வினையாக்க முடியாது. ‘மிகைக்கடிகாரப்படுத்தினேன்’ என்று யாரும் பேசப்போவதில்லை.

என் பரிந்துரை ‘துடிப்பேற்றம்’. மின்னேற்றம், மின்னேற்று என்று நாம் பழகிய வடிவம்தான். துடிப்பேற்று, துடிப்பேற்றிய செயலி, எதிர்ப்பதமாகத் துடிப்பிறக்கம் என்று எல்லாம் இயல்பாகக் கிளைக்கும்.

---

> என் பரிந்துரை ‘துடிப்பேற்றம்’.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஓசையிலும் குறையில்லை. ஆனால் பொருள் அகன்றுவிடுகிறது.

இன்டெல் 2008-இல் நெகலம் செயலிகளோடு டர்போ பூஸ்டைக் கொண்டுவந்த பிறகு, செயலி தன் துடிப்பைத் தானே ஏற்றிக்கொள்வது அன்றாட நடப்பாகிவிட்டது. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் செயலியின் அடிப்படை 4.5 கிகாஹெர்ட்ஸ், வெப்பமும் மின்னோட்டமும் இடம் கொடுத்தால் 5.7 வரை தானாகப் போகும். இன்டெலின் கோர் ஐ9-14900கே 6.0 வரை போகும். இவையும் துடிப்பேற்றம்தானே? ஆனால் யாரும் இதை ஓவர்கிளாக்கிங் என்பதில்லை. தயாரித்தவர் சோதித்து, உத்தரவாதம் கொடுத்த எல்லைக்குள் நடப்பது இது.

அந்த எல்லையைத் தாண்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். உத்தரவாதம் அங்கேதான் கைவிடுகிறது, வெப்பமும் பிழைகளும் அங்கேதான் தொடங்குகின்றன. சொல்லில் அந்தத் தாண்டல் தெரியவேண்டும். ஆகவே ‘மிகைத்துடிப்பு’. வினைக்கு ‘மிகைத்துடிப்பு ஏற்று’ என்றால் போதும்.

---

வணக்கம். நான் கணினி கட்டுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். சொல் எதுவானாலும் விளக்கக் குறிப்பு ஒன்று உடன் வேண்டும். படிப்பவர் முதலில் கேட்பது ‘இதைச் செய்யலாமா, பலன் உண்டா’ என்றுதான். ‘செயலியின் வேகத்தைக் கூட்டும் முறை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எல்லோரும் கூட்டத்தான் பார்ப்பார்கள்.

---

அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. விளக்கம் தெளிவானால் சொல்லும் தானே தெளியும். விரிவாகவே எழுதுகிறேன்.

5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 200 பிக்கோநொடி. அதற்குள் டிரான்சிஸ்டர்கள் வழியாகச் சென்ற மின்குறி தன் மதிப்பில் நிலைத்து நிற்கவேண்டும். 5.3 ஆக்கினால் கிடைப்பது சுமார் 189 பிக்கோநொடிதான். குறி நிலைப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் தவறான மதிப்பு பதிவாகும். டிரான்சிஸ்டரை விரைவாக மாறவைக்க வழக்கமான வழி மின்னழுத்தத்தைக் கூட்டுவது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். செயலி வெப்பமாக்கும் மின்திறன் (வாட்) அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறும்.

ஒரு கணக்கு. 1.20 வோல்ட்டில் 5.0 கிகாஹெர்ட்ஸ் ஓடும் செயலி 5.3-க்கு 1.32 வோல்ட் கேட்கிறது என்று வையுங்கள். அதிர்வெண் 6 விழுக்காடு கூடியது. மின்னழுத்தம் 1.1 மடங்கு, அதன் இருமடி 1.21. இரண்டையும் பெருக்கினால் 1.28. முன்பு 150 வாட் என்றால் இப்போது 192 வாட். வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டமும் கூடும். அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? பத்து நிமிடம் எடுக்கும் நிரல் தொகுப்பில் எட்டு நிமிடம் செயலியின் வேலை, மீதி வட்டும் நினைவகமும் என்றால், அந்த 6 விழுக்காடு மிச்சப்படுத்துவது சுமார் 27 நொடி. உயர் பிரிதிறனில் விளையாடுவோருக்கு அதுகூட இல்லை. அங்கே காத்திருக்கவைப்பது வரைகலை அட்டை.

முன்பு இப்படி இல்லை. இன்டெலின் 1998 செயலியான செலரான் 300ஏ-வில் பெருக்கி 4.5, பாட்டை (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் பஸ்) வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். பாட்டையை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்: ஒன்றரை மடங்கு வேகம், பல சில்லுகளில் மின்னழுத்தத்தைத் தொடாமலே. அன்று தயாரிப்பாளர்கள் நிறைய இடம் விட்டு விற்றார்கள். இன்று அந்த இடத்தைப் பூஸ்ட்டே தின்றுவிடுகிறது. மிகைத்துடிப்பின் புகழ் அந்தக் காலத்தில் பிறந்தது. அதை நம்பி இன்றைய சில்லில் இறங்குவோர் ஏமாறுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று: ரைசனில் எல்லாக் கோர்களையும் (செயலிக்குள் தனித்தனியே இயங்கும் கணிப்பகுதிகள்) கையால் 5.2-இல் பூட்டிவிட்டால், ஒற்றைக் கோர் வேலைகளில் 5.7 வரை போகும் பூஸ்ட் செத்துவிடும். உலாவி, விளையாட்டு போன்றவை மெதுவாகும். வேகம் கூட்டப்போய் வேகம் குறைந்த கதை பலருக்கும் தெரிவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது எல்லாக் கோர்களும் ஓடும் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையின் மதிப்பெண்ணை மட்டும்.

மின்னழுத்தம் சில்லைத் தேய்க்கும் என்பதும் ஏட்டுச் செய்தி அல்ல. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் காலப்போக்கில் நிலையின்மை வந்தது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (செயலியின் உள் கட்டளைத் தொகுப்பு) வெளியிட்டு, செயலி கேட்கும் மின்னழுத்தத்தை 1.55 வோல்ட்டுக்குள் நிறுத்தினார்கள். தொழிற்சாலை அமைப்பிலேயே இப்படியென்றால், கையால் ஏற்றுபவர் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

---

> எல்லோரும் கூட்டத்தான் பார்ப்பார்கள்.

கையேட்டில் செய்முறையையும் சேர்ப்பதாக இருந்தால் இந்த வரிசை உதவும்.

முதலில் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். ரேமை அதன் இயல்பு அமைப்பிலேயே விட்டு, மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டி, பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் பிழை செயலியுடையதா ரேமுடையதா என்று பிரிக்கவே முடியாது. பிறகு இயல்பு நிலையில் முழுச் சுமையில் வெப்பம், வாட், மின்னழுத்தம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருக்கியை ஒன்று ஒன்றாக மட்டும் ஏற்றுங்கள். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸைத் தொடவேண்டாம். பல மதர்போர்டுகளில் வட்டுகளும் அட்டைகளும் இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸும் அதையே நம்பியிருப்பதால் வட்டில் எழுதும் தரவு கெடலாம். ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் பத்து நிமிடம், தாங்கினால் ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சுமைச் சோதனை ஒரு மணி நேரம். விழுந்தால் 0.01 வோல்ட் கூட்டுங்கள். வெப்பம் 90 டிகிரியைத் தொட்டால் அங்கே நில்லுங்கள். இன்டெலில் 100, ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி வந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏற்றுவதற்குப் பொருளில்லை.

கணினி அணையாமல் ஓடுவதே நிலைத்தன்மை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் 19 என்ற எண் தென்பட்டால், பிழை நேர்ந்து திருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். 18 என்றால் திருத்த முடியாத பிழை. 19 ஒருமுறை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிவதைத் தடுக்கும் லோட்லைன் அமைப்பை உச்சத்தில் வைக்காதீர்கள். சுமை சட்டென்று நீங்கும் நொடியில் மின்னழுத்தம் குறித்த அளவுக்கு மேல் துள்ளும். அந்தத் துள்ளல் சாதாரண அளவிகளில் தெரியாது. நடு நிலை போதும்.

திரையே வராவிட்டால் மின்னிணைப்பைக் கழற்றி, மதர்போர்டில் பயாஸ் அமைப்பை அழிக்கும் சிமோஸ் அழிப்பு முனைகளைச் சில நொடி இணைத்தால் இயல்பு அமைப்பு திரும்பும்.

இதெல்லாம் பெருக்கி திறந்திருக்கும், அதாவது பெருக்கியை மாற்ற இடம் தரும், செயலிகளுக்கு மட்டும். இன்டெலில் பெயரிலுள்ள எண்ணுக்குப் பின் ‘கே’ இருக்கவேண்டும், மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்கவேண்டும். ஏஎம்டியில் ரைசன் பெரும்பாலும் திறந்தவை, 5800எக்ஸ்3டி போன்ற சில விலக்கு.

---

இரண்டு மடல்களும் அருமை. இவற்றைப் படித்தபின் என் துடிப்பேற்றத்தை விட்டுக்கொடுக்கிறேன். டர்போ பூஸ்டுக்கு அதையே எடுத்துக்கொள்வோம். தானாக நடப்பது என்பதால் ‘தன்துடிப்பேற்றம்’.

ஆனால் பட்டியலில் விடுபட்டது ஒன்று இருக்கிறது. இன்று உண்மையிலேயே பலன் தருவது மின்னழுத்தத்தைக் குறைப்பதுதான். 1.25 வோல்ட்டை 1.18 ஆக்கினாலே அதே வேகத்தில் சுமார் 11 விழுக்காடு வாட் குறையும். அந்த வெப்ப இடத்தைப் பூஸ்ட் எடுத்துக்கொண்டு, பல நேரங்களில் துடிப்பு முன்பைவிட உயரும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற, கோர்வாரியாக மின்னழுத்தம் குறைக்கும் பயாஸ் அமைப்பில் எல்லாக் கோர்களுக்கும் எதிர்மறை 10 என்று தொடங்கி, ஐந்து ஐந்தாக இறங்கலாம். இதில் நிலையின்மை பெரும்பாலும் முழுச் சுமையில் வராது. கணினி சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையிலும் வரும், ஏனென்றால் உச்ச அதிர்வெண் அப்போதுதான் எட்டப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கவேண்டும்.

இதற்குச் சொல்? ‘தாழழுத்தம்’ என்று தோன்றியது. வானிலைச் செய்தியின் தாழ்வழுத்தத்தோடு குழம்பும்.

---

‘மின்னழுத்தக் குறைப்பு’ என்றே வைப்போம். புதிதாக எதுவும் தேவையில்லை, கேட்டவுடன் புரிகிறது.

ரேமையும் மறக்கக்கூடாது. 7950எக்ஸ் அதிகாரப்பூர்வமாகத் தாங்கும் ரேம் வேகம் டிடிஆர்5-5200. எக்ஸ்போ அமைப்பில் 6000 வைத்தால், அது உத்தரவாத எல்லைக்கு வெளியே. எக்ஸ்எம்பி (இன்டெல்), எக்ஸ்போ (ஏஎம்டி) என்ற ரேமை வேகமாக ஓட்டும் ஆயத்த அமைப்புகள் இரண்டையும் செயலி நிறுவனங்கள் ஓவர்கிளாக்கிங் என்றே வகைப்படுத்துகின்றன. பலரும் இது தெரியாமலே மிகைத்துடிப்பில் ஓட்டுகிறார்கள். ஆகவே வரையறையில் ‘செயலி’ என்று மட்டும் எழுதக்கூடாது. தவிர, செயலி என்றால் இன்று கைப்பேசியில் நிறுவும் மென்பொருள்தான் பலருக்கு நினைவு வருகிறது. ‘நுண்செயலி’ என்று எழுதுவது நலம்.

வரைவு இது:

மிகைத்துடிப்பு (பெயர்): நுண்செயலி, நினைவகம், வரைகலைச் சில்லு ஆகியவற்றைத் தயாரிப்பாளர் உறுதியளித்த அதிர்வெண்ணுக்கு மேல் இயக்குதல். பெரும்பாலும் மின்னழுத்தத்தைக் கூட்டியே இயலும். வேகம் கூடுவதைவிட வெப்பம் விரைந்து கூடும். வினை: மிகைத்துடிப்பு ஏற்று. ஒப்பிடுக: தன்துடிப்பேற்றம், மின்னழுத்தக் குறைப்பு.

---

வரைவில் ஒரே ஒரு திருத்தம். ‘உறுதியளித்த அதிர்வெண்’ என்பதை ‘உறுதியளித்த உச்ச அதிர்வெண்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 4.5-ஐத் தாண்டும் ஒவ்வொரு 7950எக்ஸும் மிகைத்துடிப்பு என்றாகிவிடும். எல்லாக் கோர்களையும் 5.2-இல் பூட்டுவது உச்சத்துக்குக் கீழேதான் என்றாலும், அந்தச் சுமையில் செயலி தானாகப் போகாத வேகம் அது. அதையும் அடக்க ‘அல்லது உறுதியளித்த இயக்க எல்லைகளுக்கு வெளியே’ என்று சேர்த்தால் நிறைவு. மறுப்பு இல்லையென்றால் இப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாம்.