2015 கோல்ஃப் காரில் டோபார் வயரிங்: பைபாஸ் ரிலே போதுமா, காருக்கே உரிய கிட் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் நான் ஓட்டும் 2015 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் டோபாரை (ட்ரெய்லரை மாட்டி இழுக்கும் கொக்கித் தண்டு) நானே பூட்டிவிட்டேன். மின் இணைப்பில்தான் தடுமாறி நிற்கிறேன். இழுக்கப்போவது பிரேக் இல்லாத, 750 கிலோவுக்கு உட்பட்ட சிறிய ட்ரெய்லர் மட்டுமே. அதில் 7 பின் கறுப்பு பிளக்கும் எல்இடி விளக்குகளும் உள்ளன.

எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பைபாஸ் ரிலே (காரின் விளக்குச் சமிக்ஞையை ட்ரெய்லருக்குக் கடத்தும் பெட்டி) ஒன்றை வாங்கி, பின்விளக்கு வயர்களில், வயரை வெட்டாமல் ஒட்டு எடுக்கும் நீலக் கவ்விகளைக் கொண்டு தற்காலிகமாக இணைத்துப் பார்த்தேன். இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் ஒழுங்காக எரிகின்றன. சைடு லைட்டைப் போட்டால் மட்டும் ட்ரெய்லர் விளக்கு நடுங்குகிறது. ரிலேப் பெட்டிக்குள் ஈ அடைபட்டதைப் போல ஒரு ரீங்காரமும் கேட்கிறது. அந்த வயரில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 5 வோல்ட் அளவில்தான் காட்டுகிறது. ரிலே பழுதா, என் இணைப்பு தவறா? காருக்கே உரிய கிட்டின் (இந்த மாடலுக்கென்றே செய்த வயரிங் தொகுப்பு) விலை இதைப்போல் பல மடங்கு என்பதால், முடிந்தவரை இதிலேயே சமாளிக்கப் பார்க்கிறேன்.

மறுமொழி 1

ரிலேயும் பழுதில்லை, நீங்கள் தொட்ட வயரும் தவறில்லை. பல புதிய கார்களில் ஒரே பல்பு சைடு லைட்டாக மங்கலாகவும் பிரேக் விளக்காக முழு வெளிச்சத்துடனும் எரிகிறது. மங்கலாக எரிய வேண்டிய நேரத்தில் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக விடாமல், ஒரு நொடிக்குள் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள். உங்கள் மல்டிமீட்டர் அந்தத் துடிப்புகளின் சராசரியைத்தான் 5 வோல்ட் என்று காட்டுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூட முயல்வதால் ரிலே ரீங்கரிக்கிறது. சாதாரண பல்பாக இருந்தால் இழை சூடாறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்; எல்இடி அதை மறைக்காது.

இத்தகைய துடிப்புச் சமிக்ஞையை ஏற்கும் பைபாஸ் ரிலேக்கள் தனியாகக் கிடைக்கின்றன. ரிலேயே இல்லாமல் நேரடியாக ஒட்டுப்போடும் வழியை மட்டும் நினைக்கவே வேண்டாம். 21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும். அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கும்படி காரின் விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி அமைக்கப்படவில்லை. பைபாஸ் ரிலே காரிடமிருந்து சமிக்ஞையை மட்டும் வாங்கிக்கொண்டு, விளக்குக்கான மின்சாரத்தைத் தனி ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து எடுக்கிறது.

மறுமொழி 2

முதல் மறுமொழி விளக்குகளைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஆனால் எந்த ரிலேயைப் போட்டாலும், பின்னால் ட்ரெய்லர் இருப்பது உங்கள் காருக்குத் தெரியாது. பின்பக்க பார்க்கிங் சென்சார் இருந்தால், ரிவர்ஸ் போட்ட நொடியிலிருந்து அது ட்ரெய்லரைச் சுவரென்று எண்ணி அலறும். ட்ரெய்லர் அசைந்தாடும்போது ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து அடக்கும் வசதி உங்கள் காரில் இருந்தாலும் அது விழித்துக்கொள்ளாது. காருக்கே உரிய கிட், காரின் கேன் பஸ்ஸில் (கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு) சேர்ந்துகொண்டு, ட்ரெய்லர் இருப்பதை இவற்றுக்கெல்லாம் அறிவிக்கிறது. ட்ரெய்லர் இண்டிகேட்டர் வேலை செய்வதை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். ரிலேயில் அதற்கு ஒரு பஸ்ஸர் வைத்திருப்பார்கள், கிட்டில் டேஷ்போர்டிலேயே விளக்கு வரும்.

நீலக் கவ்விகளை உடனே கழற்றிவிடுங்கள். அவை தடித்த வயருக்கானவை. இக்காலப் பின்விளக்கு வயர் மெல்லியது. என் பழைய காரில் ஒரு பட்டறையில் இதே கவ்விகளைப் போட்டுத் தந்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் இடது இண்டிகேட்டர் நின்றுபோய், திறந்து பார்த்தால் உள்ளே பச்சை நிறப் பொடியும், அறுபடாத ஒரே ஒரு செப்பு இழையும்தான் மிஞ்சியிருந்தன.

கேட்டவர்

விளக்கமான மறுமொழிகளுக்கு நன்றி. என் காரில் பார்க்கிங் சென்சார் உண்டு; அதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கிட் வாங்குவதென்றால் 7 பின்னா, 13 பின்னா? கோடிங் (புதிய பகுதியைக் காரின் கணினியில் பதிவது) கட்டாயமா?

மறுமொழி 2

13 பின்னே வாங்குங்கள். உங்கள் ட்ரெய்லருக்கு ஒரு அடாப்டர் போதும். ரிவர்ஸ் விளக்கு, நிரந்தர மின்சாரம், குளிர்சாதனப் பெட்டிக்கான மின்சாரம் எல்லாம் அந்த ஒரே சாக்கெட்டில் வருவதால், நாளை கேரவன் வாங்கினாலும் மறுபடி வயர் இழுக்க வேண்டியதில்லை. ட்ரெய்லரைக் கழற்றும்போது அடாப்டரையும் கழற்றிவிடுங்கள்.

கோடிங் தேவை. விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன் கார்களைச் சோதிக்கும் கணினி மென்பொருள்) வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு, கேட்வேயின் (காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இணைக்கும் மையப் பெட்டி) பட்டியலில் 69 என்ற எண்ணில் உள்ள ட்ரெய்லர் பகுதியைச் சேர்க்க வேண்டும். ட்ரெய்லர் பகுதி சேர்ந்திருப்பதை பிரேக் பகுதிக்கும் பார்க்கிங் பகுதிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்: எல்இடி ட்ரெய்லரை இந்தக் கிட் அடையாளம் காணுமா? சில கிட்கள் பல்பு இழுக்கும் மின்சாரத்தை வைத்தே ட்ரெய்லர் மாட்டியிருப்பதை அறிகின்றன. எல்இடி இழுக்கும் சொற்ப மின்சாரம் அவற்றுக்கு எட்டுவதில்லை. விலை குறைந்த கிட்டை எடுத்துவிட்டு, பிறகு பல்பைப் போல மின்சாரம் இழுத்துக் காட்டும் ரெசிஸ்டர் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

எல்இடியை ஏற்கும் 13 பின் கிட்டைப் பொருத்திக் கோடிங்கும் செய்தாயிற்று. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். வயரை முன்பக்கம் கொண்டுசெல்ல வாசற்படி உறைகளைக் கழற்றுவதில்தான் பாதி நாள் போனது. சைடு லைட் நடுங்கவில்லை. ட்ரெய்லரை மாட்டி ரிவர்ஸ் போட்டால் பின்பக்க சென்சார் வாய் திறக்கவில்லை. கவ்விகளைக் கழற்றியபோது நான்கு வயர்களில் ஒன்றின் இழைகள் பாதிக்குமேல் அறுந்திருந்தன. அதைச் சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடிவிட்டேன்.