மறு: கேனன் – ‘அதிகாரப்பூர்வம்’ போதாது

> கேனன் = அதிகாரப்பூர்வக் கதை. இதற்குமேல் என்ன வேண்டும்?

போதாதுங்க. ஒரு கற்பனை உலகில் எந்தக் கதைகள் கணக்கில் சேரும் என்பதைக் குறிக்கும் சொல் கேனன் (canon). அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் நம் கேள்வி. ஸ்டார் வார்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் வில்லன்களில் ஒருவரான கிராண்ட் அட்மிரல் த்ரான் முதலில் தலைகாட்டியது டிமதி ஜான் எழுதிய 1991 நாவலில். ஸ்டார் வார்ஸை உருவாக்கிய லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்திடம் உரிமம் பெற்று வந்த நூல், இன்றும் முறைப்படி அச்சாகிறது. அதிகாரப்பூர்வத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த நாவல், காமிக்ஸ், கேம் எல்லாவற்றையும் நிறுவனம் ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டது. கணக்கில் நின்றவை ஆறு படங்களும், ‘குளோன் வார்ஸ்’ தொடரும், அதன் 2008 திரைப்படமும்தான். நீங்கள் சொன்ன சொல்லை இங்கே பொருத்தினால் “இந்த அதிகாரப்பூர்வ நாவல் அதிகாரப்பூர்வமானது அல்ல” என்று எழுத வேண்டிவரும்.

‘மூலக்கதை’யும் சரிவராது. முதல் படம் வந்தது 1977 மே மாதம். அதன் நாவல் வடிவமோ 1976 முடிவதற்குள் கடைக்கு வந்துவிட்டது. எதை மூலம் என்பது?

என் பரிந்துரை: ஏற்பு. ஏற்புக்கதை, ஏற்பற்றது, ஏற்புநீக்கம், மீளேற்பு என்று வினைக்கும் பெயருக்கும் வளைந்து கொடுக்கும். ரசிகர் தன் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் ஹெட்கேனனுக்குத் தன்னேற்பு.

———

> என் பரிந்துரை: ஏற்பு.

கையில் நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஏன் வார்க்க வேண்டும்? கத்தோலிக்க விவிலியத் தமிழில் கேனனுக்குத் திருமுறை என்பது நிலைபெற்ற சொல். சில சபைகள் ஏற்று, சில சபைகள் விட்ட நூல்களுக்கு ‘இணைத் திருமுறை’ என்ற பெயரும் உண்டு. ரசிகர் வழக்குக்குக் கேனன் வந்த வழியும் அதுதான்: விவிலிய ஆய்வின் தோரணையை ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளுக்குப் பொருத்தி ரொனால்ட் நாக்ஸ் விளையாட்டாக ஒரு கட்டுரை வாசித்தார், 1911இல். டாயில் எழுதிய 4 நாவலும் 56 சிறுகதையும் ஹோம்ஸ் அன்பர்களுக்குக் கேனன். பிறர் எழுதிய ஹோம்ஸ் எல்லாம் வெளியே. சைவத் திருமுறையிலும் பெரியபுராணம் பன்னிரண்டாவதாகப் பின்னால் சேர்ந்ததுதானே? தொகுப்பு வளரும் என்பதையும் இந்தச் சொல் தாங்கும்.

இன்னொன்று. முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகர்களில் ஒருவனான ஹானும் அவனைப் பிடிக்க வந்த கிரீடோவும் மோதும் காட்சியையும் இந்த விவாதத்தில் போட்டுக் குழப்புகிறார்கள். 1977 படத்தில் சுடுவது ஹான் மட்டும். 1997 பதிப்பில் கிரீடோ முந்திக்கொள்கிறான். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 2019இல் டிஸ்னி பிளஸ்ஸில் கிரீடோ வாயில் ‘மக்லங்கி’ என்ற சொல் வேறு முளைத்தது. ஒரே படைப்புக்குள் நான்கு வாசகம். இதற்குச் சுவடிப் பதிப்பாளர்கள் வைத்த பெயர் பாடபேதம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

———

பாடபேதம் கச்சிதம். எடுத்துக்கொண்டேன்.

திருமுறையில் எனக்குள்ள தடை ‘திரு’ அல்ல (அதுவும் உறுத்துகிறது, லேசர் வாளுக்குத் திருநீறு பூசியதுபோல் இருக்கிறது). திருமுறையில் ஒரு நூல் ஏறினால் ஏறியதுதான். நம் துறையிலோ ஒரே அறிவிப்பில் பல நூறு நூல்கள் இறங்குகின்றன. ‘திருமுறை நீக்கம்’ என்று எழுதிப் பாருங்கள், யாரையோ சபையைவிட்டுத் தள்ளிவைத்த மாதிரி இருக்கும்.

அடுத்தது, அலகு. திருமுறை நூலை எண்ணும். கேனன் நூலை மட்டும் எண்ணுவதில்லை. 2016இல் ‘ரெபல்ஸ்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் த்ரான் திரும்பி வந்தார். ஆள் உள்ளே, 1991 நாவல் இன்னும் வெளியே. “த்ரானுக்கு மீளேற்பு கிடைத்தது, நாவலுக்கு இல்லை” என்று சொல்ல முடிகிறது. “த்ரான் திருமுறையில் சேர்ந்தார்” என்றால் நாயன்மார் வரிசைதான் கண்ணில் வருகிறது.

படிநிலைக்கும் சொல் வேண்டும். 2000இல் லூகாஸ்ஃபிலிமின் லீலண்ட் சீ தொடங்கிய ஹோலோக்ரான் என்ற கதைவிவரத் தரவுத்தளத்தில் பின்னாளில் ‘ஜி’, ‘டி’, ‘சி’, ‘எஸ்’, ‘என்’ என ஐந்து ஆங்கில எழுத்துகள் படிகளாக வழங்கின. ‘ஜி’ லூகாஸின் படங்கள், ‘டி’ தொலைக்காட்சி, ‘சி’ நாவலும் காமிக்ஸும், ‘எஸ்’ அவ்வளவாகப் பொருந்தாத பழைய சரக்கு, ‘என்’ கணக்கிலேயே இல்லாதது. மேல்படி மறுக்காதவரை கீழ்ப்படி செல்லும். இதில் இடிபட்டவர், பணத்துக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட் என்ற பாத்திரம். அவரது இயற்பெயர் ஜாஸ்டர் மெரீல் என்றது 1996இல் வந்த ஒரு கதை. 2002 படமோ அவர் ஜாங்கோ ஃபெட்டின் குளோன் என்றது. ‘ஜி’ வந்ததும் ‘சி’ தோற்றது. பிறகு ஒரு காமிக்ஸில் மெரீலை ஜாங்கோவை வளர்த்தவராக்கி ஒட்டுப்போட்டார்கள். ஆக, இவை முதற்படி ஏற்பு, மூன்றாம்படி ஏற்பு; அந்த ஒட்டுவேலை, அதாவது ரெட்கான், பின்திருத்தம். இடைச்செருகல் என்று சொல்லாதீர்கள்: அது பிறர் கள்ளமாக நுழைப்பது, இது உரியவரே செய்வது.

———

ஏற்புக்கு என் வாக்கு, ஒரு திருத்தத்தோடு. ஏற்பு என்றதும் “யார் ஏற்றது?” என்று கேட்கத் தோன்றும். ஸ்டார் வார்ஸில் லூகாஸ்ஃபிலிம் என்று பதில் சொல்லலாம். பிபிசியின் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவில்? எது கேனன் என்று பிபிசி பட்டியல் போட்டதே இல்லை. அங்கே நடப்பதெல்லாம் ரசிகர் ஏற்புதான், அதுவும் ஆளுக்கொன்று. ஆகவே சொற்பதிவில் ‘உரியவர் ஏற்பு’, ‘ரசிகர் ஏற்பு’ என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். அடைமொழி இல்லாமல் வந்தால் முதலாவது.

பேச்சில் நம் பையன்கள் ஏற்கெனவே “அந்த நாவல் சேர்த்தி இல்லடா” என்றுதான் சொல்கிறார்கள். சேர்த்தியையும் வழக்குச்சொல் என்று குறித்து பக்கத்தில் போட்டுவிடலாம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மட்டும் பங்குனி உத்திரச் சேர்த்தி சேவை ஞாபகம் வரும்.

லெஜண்ட்ஸுக்கு இன்னும் சொல் இல்லை. ‘புராணக்கதை’ வேண்டாம். ஐயத்துக்குரிய செய்யுள்களைக் கம்பராமாயணப் பதிப்புகள் ‘மிகைப்பாடல்கள்’ என்று தனியே அச்சிடுகின்றனவே, அந்த வழியில் மிகைக்கதை?