உச்ச வெப்பநிலை: தாளில் ஒன்று, உள்ளே ஒன்று. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

உட்லண்ட்ஸ்_ரீஃப்ளோ

35 மி.மீ. பி.ஜி.ஏ. (அடியில் சால்டர் உருண்டைகள் கொண்ட சிப்) உட்கார்ந்த தடித்த சர்க்யூட் போர்டு, ரீஃப்ளோ அடுப்பில் சால்டர் செய்தது. சால்டர் பேஸ்ட் ஈயமில்லாத எஸ்.ஏ.சி.305, உருகத் தொடங்குவது 217 டிகிரியில். அடுப்புச் சூட்டைப் பதிந்த ப்ரொஃபைல் தாளில் உச்சம் 243, 217-க்கு மேலே 70 விநாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்-ரேயிலும் உருண்டைகள் வட்டமாகவே தெரிந்தன. ஆனால் போர்டு சூடேறினால் சிக்னல் போகும், ஆறினால் வரும்.

குறுக்கே வெட்டி மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. பேஸ்ட் கீழே தனியாக உருகி இறுகியிருக்கிறது. உருண்டை அதன்மேல் சும்மா சாய்ந்திருக்கிறது. நடுவில் முடி போல ஒரு கறுப்புக் கோடு. தலையணையில் தலை வைத்தது போல ஒட்டாமல் கிடக்கும் ஹெட்-இன்-பில்லோ கோளாறு.

அந்த 243 எங்கே அளந்தது? போர்டின் ஓரத்தில், சூடு தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டிய தெர்மோகப்பிளில் (முனையில் சூட்டை அளக்கும் வயர்). சூட்டில் டேப் லேசாகத் தூக்கிக்கொண்டது. முனை போர்டைத் தொடவில்லை, அடுப்புக் காற்றைத்தான் அளந்தது. அடிப்பக்கத்திலிருந்து துளை போட்டு, நடு உருண்டையின் பேடு வரை முனையைச் செலுத்தி, எப்பாக்சியால் அடைத்து மறுபடி ஓட்டினால் நடுவில் 226 தான். 217-க்கு மேல் வெறும் 28 விநாடி.

அடுப்பின் மேல் ஸோன்களில் சூட்டை ஏற்றினால் ஓரத்தில் இருக்கும் குட்டிக் கெபாசிட்டர்கள் முதலில் வேகும். அதனால் கன்வேயரை மெதுவாக்கி, உருகும் முன் போர்டு முழுவதும் சூடு பரவ 150–200 டிகிரியில் விடும் சோக் நேரத்தை நீட்டியதில் நடு 236, ஓரம் 244 என்று வந்தது. "பாகமெல்லாம் 260 தாங்குமே, நேரா ஏத்திட வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாகம்_பார்ப்பவர்

அந்த 260 பேச்சுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கணும். பாகங்கள் தாங்கும் ஈரத்தையும் சூட்டையும் வகுக்கற ஜே-எஸ்.டி.டி-020 தரநிலையோட அட்டவணையைத் திறந்து பாருங்க. ஈயமில்லாத ரீஃப்ளோவில் 1.6 மி.மீ.க்குக் குறைவான தடிமன், இல்லைன்னா 2.5 வரை தடிமன் இருந்தும் கன அளவு 350 கன மி.மீ.க்குக் குறைவுன்னாதான் 260. தடிமன் 2.5-ஐத் தாண்டி, கன அளவும் 350 கன மி.மீ.க்கு மேல போனா 245 தான். உங்க 35 மி.மீ. பி.ஜி.ஏ. 2.3 மி.மீ. தடிமன்னு வைங்க, கன அளவே 2,800 வருது. 1.6–2.5 தடிமன் வரிசையிலயும் 2,000-ஐத் தாண்டினா 245 தான். அதுவும் பேக்கேஜோட மேல்முகத்துல, நடுவுல அளந்த சூடு. உருண்டையோட சூடு இல்லை.

கேக்கலைன்னாலும் ஈரத்தைப் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா நம்ம சிங்கப்பூர்ல அதுதான் பாதித் தலைவலி. எம்.எஸ்.எல். (ஈரத்தால் கெடற அளவு) 3-ன்னு குறிச்ச பாகத்தைப் பை பிரிச்சப்புறம் 168 மணி நேரம் வெளியில வைக்கலாம். ஆனா அது 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்னு எடுத்த கணக்கு. ஏ.சி. ஓடற தளத்துல சரி. ராத்திரி ஏ.சி.யை நிறுத்திட்டுப் போற இடத்துல அந்த 168-ஐ நம்பாதீங்க, உலர் அலமாரியில வைங்க. பிளாஸ்டிக்குள்ள புகுந்த தண்ணி உச்சத்துல ஆவியாகுது. நீரோட ஆவி அழுத்தம் 220-ல சுமார் 23 பார், 260-ல சுமார் 47. நாப்பது டிகிரிக்கு ரெண்டு மடங்கு. "கொஞ்சம் ஏத்தினா என்ன"ன்னு கேக்கறவங்க இந்த ரெண்டு எண்ணைப் பாத்துட்டுப் பேசட்டும். பேக்கேஜ் பாப்கார்ன் மாதிரி பொரியறதோட காரணம் இதுதான். ஈரம் போக அடுப்புல வெச்சு உலர்த்தும்போதும் (bake) கவனம்: 125 டிகிரி ட்ரேக்குத்தான். டேப் ரீல்ல இருக்கறதை அந்தச் சூட்டுல வெச்சா ரீலே உருகிடும், அதுக்குச் சூட்டைக் குறைச்சு நாள் கணக்குல வைக்கணும்.

டி.எஸ்.சி_கென்ட்ரிட்ஜ்

எங்கள் பக்கத்துக் குழப்பம் வேறு. நாங்கள் வேலை செய்வது டி.எஸ்.சி.யில், மாதிரியைச் சீராகச் சூடேற்றி அது வாங்கும் அல்லது விடும் வெப்பத்தை அளக்கும் கருவியில். ஒரே எப்பாக்சி, இரண்டு அறிக்கை. ஒன்றில் க்யூர் உச்சம் (எப்பாக்சி இறுகும்போது வெப்பம் அதிகமாக வெளிவரும் சூடு) 140, மற்றதில் 151. சப்ளையர் கலவையை மாற்றிவிட்டார் என்று கடிதம் வரை போனது. ஓர் ஆய்வகம் நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் ஓட்டியிருக்கிறது, இன்னொன்று 20. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 80 கிலோ ஜூல் என்று வைத்து, சூடேற்றும் வேகத்தையும் உச்சத்தையும் இணைக்கும் கிஸ்ஸிஞ்சர் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், வேகத்தை இரட்டிப்பாக்கினாலே உச்சம் 11–12 டிகிரி நகரும். கலவை அப்படியே இருக்கிறது.

டி.எஸ்.சி.யில் உச்ச வெப்பநிலை பொருளின் குணம் மட்டும் அல்ல. வேகம், மாதிரியின் எடை, மாதிரியை வைக்கும் பானின் (சிறு தட்டு) அடிப்பாகம் எவ்வளவு தட்டையாக உட்காருகிறது என்பது வரை எல்லாம் சேர்ந்த எண். அதனால்தான் இண்டியம் உலோகத்தை வைத்து அளவுதிருத்தம் செய்யும்போது அது உருகும் 156.6 டிகிரியை உச்சத்துக்குப் பொருத்துவதில்லை, தொடக்கத்துக்குப் பொருத்துகிறோம். சரிவில் தொடுகோடு வரைந்து அடிக்கோட்டில் வெட்டும் புள்ளி. 5 மி.கி. போட்டாலும் 15 மி.கி. போட்டாலும் அது பெரிதாக அசையாது, உச்சம் அசையும்.

இன்னொன்று: கிஸ்ஸிஞ்சர் கோடு போட நான்கைந்து வேகமாவது வேண்டும். இரண்டு புள்ளியை இணைத்து ஆற்றல் என்று எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. குளிர்விக்கும்போது வரும் படிகமாதல் உச்சத்துக்கும் சிலர் இதையே போடுகிறார்கள். அங்கே இந்தச் சமன்பாடு பொருந்தாது.

ராஃப்ட்_துவாஸ்

போர்டு, பான் எல்லாம் கையில் அடங்கும் சமாசாரம். இரண்டரை மீட்டர் தடிமன் ராஃப்டுக்கு, அதாவது கட்டடத்தின் அடித்தளக் கான்கிரீட் பாளத்துக்கு வாங்க.

கணக்கு எளிது. 100 கிலோ சிமெண்டுக்குச் சுமார் 12 டிகிரி ஏறும். கன மீட்டருக்கு 400 கிலோ சாதா சிமெண்ட் என்றால் 48. நம் ஊரில் லாரியிலிருந்து இறங்கும்போதே கலவை 32. ஆக நடு மையம் 80. எழுபதைத் தாண்டினால், சிமெண்டில் தொடக்கத்திலேயே உருவாக வேண்டிய எட்ரிங்கைட் படிகம் அந்த நேரத்தில் உருவாகாமல் தள்ளிப்போகிறது. பிறகு ஈரம் கிடைக்கும்போது, வருடங்கள் கழித்து, இறுகிய கான்கிரீட்டுக்குள் உருவாகி விரிகிறது. அதனால்தான் இரும்பு உலைக் கசடு 65–70 சதவீதம் கலந்த சிமெண்ட், தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டி, ராத்திரி ஊற்றல் எல்லாம்.

மனதில் நிற்கும் சம்பவம் ஒரு கிராஃப். நடு மையம் ஏறிக்கொண்டே போய் 66-ல் நிற்கிறது, கோடு அங்கே முடிகிறது. அறிக்கையில் "உச்சம் 66, தேறியது". நின்றது கான்கிரீட் அல்ல, அளவைப் பதியும் லாகரின் பேட்டரி! தடித்த ராஃப்டில் உச்சம் வர இரண்டு மூன்று நாள் ஆகும். வளைவு திரும்பிக் கீழே இறங்குவதைப் பார்க்காமல் உச்சம் என்று எழுதவே கூடாது.

தெர்மோகப்பிளை நேராகக் கம்பியில் கட்டுவதும் வழக்கமான கோளாறு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டர் கம்பி சூட்டை வெளியே கடத்தும், அதோடு ஒட்டியிருக்கும் முனை குறைவாகக் காட்டும். ஃபைபர்கிளாஸ் தண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, அதில் நடு மையம், மேலிருந்து 50 மி.மீ., அடியிலிருந்து 50 மி.மீ. என மூன்று முனை கட்டுங்கள். வயரை வைப்ரேட்டர் இறங்காத பக்கமாகக் கொண்டுபோங்கள். ஒரே இடத்தில் இரண்டிரண்டு போடுங்கள், ஒன்று நிச்சயம் அறுந்துபோகும்.

உச்சத்தோடு நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள், 20 டிகிரி வரம்பு. மத்தியான மழைக்கு முன், சூடு காக்க மேலே மூடிய ஃபோமை எடுத்துவிட்டால் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து விரிசல் விடும். க்யூரிங் என்று குழாய்த் தண்ணீரை அடிப்பவர்களுக்கும் அதே கதி.

கசடு_ஆதரவாளர்

@ராஃப்ட்_துவாஸ் அண்ணே, எழுபதை மந்திரம் போல் சொல்ல வேண்டாம். அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏ.சி.ஐ. 201 வழிகாட்டியிலேயே 70-க்கும் 85-க்கும் இடையில், கசடு 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போன்ற நிபந்தனைகளோடு இடம் உண்டு. 85-க்கு மேல்தான் கதவு மூடுகிறது. 71 காட்டியதற்காக ராஃப்டையே கோர் எடுத்துச் சல்லடையாக்குவது வீண் வேலை.

ஆனால் கசடு போட்டால் சூடு பாதியாகும் என்ற நம்பிக்கையும் தப்பு. ஆய்வகத்தில் சின்ன மாதிரியில் அது மெதுவாக வினைபுரியும். தடித்த ஊற்றலில் தானே சூடேறுவதால் கசடும் வேகம் பிடிக்கும். நம்ப வேண்டியது ஒரு மீட்டர் கனசதுர சோதனை வார்ப்பை. ஆறு பக்கமும் ஃபோம் வைத்து மூடுங்கள்.

ராஃப்ட்_துவாஸ்

தம்பி, வழிகாட்டி வேறு, நம் கையிலிருக்கும் ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தத்தில் 70 என்று இருந்தால் 70 தான். மாற்ற வேண்டுமானால் ஊற்றுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கனசதுரம் பற்றிச் சொன்னது சரி.

பவர்_செங்காங்

சுருக்கமா: தெர்மல் கேமராவில் மாஸ்ஃபெட்டின் (பவர் டிரான்சிஸ்டர்) பளபளப்பான உலோகப் பட்டை 41 டிகிரி. பக்கத்துல இருந்த கறுப்பு பிளாஸ்டிக் 88. உலோகம் குளிர்ச்சியா இல்ல, அதோட எமிசிவிட்டி (வெப்பக் கதிரை வெளிவிடற திறன்) 0.1-க்கும் கீழ, கேமரா பாத்தது கூரை விளக்கோட பிரதிபலிப்பை. ஒரு துண்டு காப்டன் ஒட்டினா போதும். சூடான புள்ளி குறைஞ்சது 3-க்கு 3 பிக்சலையாவது நிரப்பணும், இல்லைன்னா பக்கத்துக் குளிரோட கலந்து சராசரிதான் வரும். உள்ள இருக்கற சிலிக்கான் ஜங்ஷனோட உச்சம் வேணும்னா கேமராவைக் கீழ வெச்சிட்டு, மாஸ்ஃபெட்டுக்குள்ள இருக்கற டையோடோட வோல்டேஜை அளங்க. டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். முதல்ல அடுப்புல வெச்சு அந்தச் சரிவை அளவெடுத்துக்கணும், பவரை நிறுத்தின உடனே படிக்கணும்.

வானிலை_காலாங்

எல்லோரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நேரத்தை விட்டுவிட்டீர்கள். சிங்கப்பூரின் பதிவான உச்சம் 37.0. 1983 ஏப்ரல் 17-ல் தெங்காவில், பிறகு 2023 மே 13-ல் அங் மோ கியோவில். இப்படி நாற்பது வருட இடைவெளியில் வந்த இரண்டு எண்களை ஒப்பிட வேண்டுமானால் சென்சாரின் வேகமும் சராசரி எடுக்கும் நேரமும் தெரிந்தாக வேண்டும். உலக வானிலை அமைப்பு ஒரு நிமிடச் சராசரியைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். மெல்லிய சென்சாரில் அந்தந்த விநாடியை எடுத்தால் ஒவ்வொரு வெப்பக் காற்று வீச்சும் ஒரு சாதனையாகிவிடும்.

@உட்லண்ட்ஸ்_ரீஃப்ளோ உங்களுக்கு நேர்மாறான சிக்கல் இருக்கலாம். சீராக ஏறும் சூட்டில் சென்சார் பின்தங்கும் அளவு, ஏறும் வேகத்தை அதன் நேர மாறிலியால் (சென்சார் எவ்வளவு மந்தம் என்பதைச் சொல்லும் நேரம்) பெருக்கினால் வரும். விநாடிக்கு 2 டிகிரி, மாறிலி 3 விநாடி என்றால் 6 டிகிரி பின்னால். தடித்த வயரும் தாராளமான எப்பாக்சியும் மாறிலியைக் கூட்டும். அந்த 226 இதனால் குறைந்திருக்கிறதா?

உட்லண்ட்ஸ்_ரீஃப்ளோ

மெல்லிய 36 கேஜ் வயர், எப்பாக்சி துளை அளவுக்கு மட்டும். உச்சத்துக்குப் பக்கத்தில் நடு உருண்டை ஏறிய வேகமே விநாடிக்கு அரை டிகிரிக்குக் கீழ், பின்தங்கல் இரண்டு டிகிரியைத் தாண்டாது. கே வகைத் தெர்மோகப்பிளின் முதல் தர வயருக்கு அந்தச் சூட்டில் பிழை வரம்பு 1.5 டிகிரி, அதையும் கூட்டினாலும் 230 கூட எட்டவில்லை. லாகர் விநாடிக்கு 10 முறை படித்தது.

@பாகம்_பார்ப்பவர் மேல்முகத்தில் தனியாக ஒரு முனை ஒட்டியிருந்தது, 241 காட்டியது. 245-க்கு நான்கு டிகிரிதான் மிச்சம்.