தாங்குதிறனா, மீள்திறனா: ரெசிலியன்ஸுக்கான கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

இடர்ப்பாட்டுக்கும் பாதிப்புக்கும் ஈடுகொடுக்கும் ஆற்றலைச் சுட்டும் ரெசிலியன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மீள்திறன் என்பதையே எல்லாத் துறைகளிலும் வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து இவ்விழையில் வலுப்பெற்று வருகிறது. உளவியலில் அச்சொல் வேரூன்றிவிட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் மறதிநோய் ஆய்வில் அதே ஆங்கிலச் சொல் சுட்டும் பொருள் வேறு. அங்கும் மீள்திறன் என்றே எழுதினால், நோய் வந்து குணமானவர்களைப் பற்றிய பேச்சு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

1988ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நினைவுபடுத்துகிறேன். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்து மறைந்த 137 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் 10 பேரின் மூளையில் மறதிநோய் வகைகளுள் ஒன்றான ஆல்சைமர் நோய்க்குரிய புரதப் படிவுகள் ஏராளமாக இருந்தும், உயிரோடு இருந்த காலத்தில் அவர்களுடைய அறிதிறன் குன்றவே இல்லை. அந்த மூளைகள் எடை கூடியவையாகவும் நரம்பணுக்கள் மிகுந்தவையாகவும் இருந்தன. இந்த முதியவர்கள் எதிலிருந்தும் மீளவில்லை. பாதிப்பு உள்ளே இருக்கும்போதே அதைத் தாங்கி நின்றார்கள். எனவே இப்பொருளுக்குத் தாங்குதிறன் என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இதற்கு இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் வளர்த்தெடுத்த கருத்தாக்கத்தின்படி, கல்வி, சிந்தனையைக் கோரும் பணி, மனத்துக்கு வேலை தரும் ஓய்வுநேர ஈடுபாடுகள் ஆகியவற்றால் மூளைக்குக் காக்னிட்டிவ் ரிசர்வ் எனப்படும் ஒரு கையிருப்பு சேர்கிறது. அக்கையிருப்பு மிகுந்தவர்களுக்கு அறிகுறிகள் தாமதமாகவே வெளிப்படுகின்றன. ஆனால் வெளிப்பட்ட பிறகு அவர்களுடைய நிலை மற்றவர்களைவிட விரைவாகச் சரிவதும் உண்டு, ஏனெனில் அதற்குள் நோய் உள்ளே வெகுவாக முற்றியிருக்கிறது. மீள்திறன் மிக்கவர் விரைவாகச் சரிந்தார் என்று எழுதினால் அது முரணாக ஒலிக்கும்; தாங்கும் வரை தாங்கியவர் பிறகு விரைவாகச் சரிந்தார் என்பது தமிழில் இயல்பாகவே நிற்கிறது.

கட்டுமானத் துறையில் தாங்குதிறன் ஏற்கெனவே வழங்குகிறதே என்ற தடை எழலாம். சுமையைத் தாங்கும் தூணும் நோயைத் தாங்கும் மூளையும் ஒரே வாக்கியத்தில் வரப்போவதில்லை என்பதால் அதைப் பெரிய இடையூறாக நான் கருதவில்லை. படிவுகளே உருவாகாமல் காக்கும் தன்மையை ஆய்வாளர்கள் ரெசிஸ்டன்ஸ் என்று தனியே பிரிக்கிறார்கள். அதை எதிர்ப்புத்திறன் என்றால் நோயெதிர்ப்போடு குழம்பும். தடுதிறன் என்றால் தாங்குதிறனோடு இணையாக நிற்கும். காக்னிட்டிவ் ரிசர்வ் என்பதற்கு நண்பர் ஒருவர் தந்த அறிதிறன் இருப்பு என்பதைவிட அறிதிறன் கையிருப்பு தெளிவானது. இருப்பு என்று மட்டும் சொன்னால் உளதாதல் என்ற பொருளும் தலைகாட்டுகிறது.

மருத்துவப் பணியாளர் நலன் பற்றிய ஆய்வுகளில் நிலைமை தலைகீழ். அங்கே தாங்குதிறன் என்ற சொல்லை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து இரவுப்பணி பார்த்து, நோயாளியின் மரணத்தை உறவினரிடம் சொல்லிவிட்டு, உட்காரக்கூட நேரமின்றி அடுத்த படுக்கைக்குச் செல்லும் செவிலியரிடம் தாங்குதிறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றால், பொறுத்துக்கொள் என்ற கட்டளையாகவே அது அவர் காதில் விழும். மீள்திறன் இங்கு முற்றிலும் பொருந்துகிறது. மீள்வதற்கு ஓய்வும் ஆள்பலமும் வேண்டும் என்ற கேள்வியை அச்சொல்லே எழுப்புகிறது.

இதையொட்டி, நீடித்த பணி அழுத்தத்தால் ஒருவர் ஆற்றல் இழந்துபோவதைச் சுட்டும் பர்ன் அவுட் என்ற சொல்லுக்கான தமிழையும் முடிவு செய்துவிடலாம். மனச்சோர்வு என்பது டிப்ரஷனுக்கு வழங்கி வருவதால் அது ஆகாது. பணிச்சோர்வு என்பதும் போதாது என்றே நினைக்கிறேன். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் திருத்தப் பதிப்பு, இதற்கு ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், பணித்திறன் குறைந்ததாக உணர்தல் என மூன்று கூறுகளைச் சொல்கிறது, சோர்வு அவற்றுள் ஒன்றே ஒன்று. பணிக்கருகல் என்று சொல்லிப் பார்க்கிறேன். தண்ணீர் இல்லாமல் பயிர் கருகினால் யாரும் பயிரைக் குறை சொல்வதில்லை. அந்த வகைப்பாடும் இதை நோயாகப் பட்டியலிடாமல், சரிவரக் கையாளப்படாத தொடர்ச்சியான பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்குகிறது.

சொற்களை வாக்கியத்தில் வைத்துச் சோதிப்பதே நல்லது என்பதால் இரண்டை இங்கே தருகிறேன்: “குறைந்த கல்வி அறிதிறன் கையிருப்பைக் குறைத்து, மூளையின் தாங்குதிறனைப் பாதிக்கக்கூடும்.” “போதிய ஓய்வில்லாத பணிமுறை செவிலியரின் மீள்திறனைக் குலைத்துப் பணிக்கருகலுக்கு இட்டுச்செல்கிறது.” முதியோர் நலப் பிரிவுகளில் பணிபுரிவோர் பற்றிய கட்டுரைகளில் இவ்விரண்டு பொருளும் அடுத்தடுத்த பத்திகளில் வரும். அத்தகைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் இச்சொற்களை இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுத வேண்டுகிறேன். பணிக்கருகலைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் அதை விட்டுவிட அணியமாக இருக்கிறேன்.