ரக்ஸ் கிரெடிட் நிண்டுபோச்சு, பக்கத்து வீட்டுக்கு 150 பவுண் வந்திருக்கு, எங்களுக்கு ஏன் இல்லை?

மூண்டுபிள்ளை_அம்மா எழுதினது (2025 மார்கழி)

வணக்கம், நான் இஞ்ச புதுசு, பிழையான இடத்தில போட்டிருந்தா மன்னியுங்கோ. நாங்கள் லண்டன்ல வாடகை வீட்டில இருக்கிறம், இவர் பெற்றோல் ஸ்டேசன்ல முழுநேர வேலை, நான் பள்ளிக்கூட கன்ரீன்ல பகுதிநேரம், பிள்ளையள் மூண்டு பேர் (2013, 2015, கடைசி 2020). கன வருசமா ரக்ஸ் கிரெடிட் (குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தாற உதவிக் காசு) வந்தது. அதால 2021ல 500 பவுண் ஒருக்கா வந்தது, 2022ல 326ம் 324ம், பேந்து 301, 300, 299 எண்டு ஒண்டும் கேக்காமலே பாங்கில விழுந்தது. இப்ப போன வருசம் ஐப்பசி மட்டில ஒரு கடிதம் வந்தது, யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லி, நான் நினைச்சன் அவையே மாத்தி விடுவினம் எண்டு, வைச்சிட்டு மறந்துபோனன். உண்மையச் சொன்னா மறக்கேல்ல, யூனிவர்சல் கிரெடிட் எண்டா வேலையில்லாத ஆக்களுக்கு எண்டு இவர் சொன்னார், வேலைக்குப் போற நாங்கள் ஏன் அங்க போய் நிக்கவேணும் எண்டு ரெண்டு பேரும் பேசாமல் விட்டிட்டம். தை மாதத்தோட காசு நிண்டுட்டுது.

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா சொல்றா தன்ர கரண்ட் பில்லில 150 பவுண் கழிச்சிருக்காம். அவையும் வேலைதான், எங்களை விட சம்பளமும் கூட. எங்களுக்கு ஏன் வரேல்ல? இனி விண்ணப்பிக்கலாமோ? இன்னொண்டு, யாழ்ப்பாணத்தில என்ர பேரில வீடு ஒண்டு இருக்கு, அம்மா இருக்கிறா, ஒரு துண்டுக் காணியும் இருக்கு. அதுகளச் சொல்லவேணுமோ? சொன்னா ஒண்டும் தரமாட்டினம் எண்டு பயமா இருக்கு.

லெஸ்டர்மாமா

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை, சனிக்கிழமையில ஒரு சமூக நிலையத்தில ஆக்களுக்கு படிவம் நிரப்பிக் குடுக்கிறனான், அந்த அனுபவத்தில சொல்றன்.

முதல்ல அந்த 150. அது வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட், மாரிக்கு கரண்ட் பில்லில கழிக்கிற அரசாங்க உதவி. 2025-26 மாரிக்கு அவை பாக்கிற நாள் 2025 ஓகஸ்ட் 24. அந்த ஒரு நாளில வருமானத்தைப் பாத்துக் குடுக்கிற உதவி ஒண்டு உங்களுக்கு இருந்திருக்கோணும், பில்லும் உங்கட பேரிலயோ இவரின்ர பேரிலயோ இருக்கோணும். சம்பளம் கூடவோ குறையவோ எண்டு தனியா ஆரும் பாக்கிறேல்ல. அந்த அக்காவுக்கு மாதம் இருபது பவுண் யூனிவர்சல் கிரெடிட் வந்திருந்தாலே காணும். உங்களுக்கு அந்த நாளில ஒண்டும் இல்லை, அதான் கதை. 2022ல இருந்து வந்த 650, 900 எல்லாமும் இப்பிடித்தான், தனி விண்ணப்பம் எண்டு ஒண்டு இல்லை, குறிப்பிட்ட நாளில ஏதாவது ஒரு உதவியில நீங்கள் நிண்டா தானா வரும், நிக்காட்டி அழுதாலும் வராது. அதால "விண்ணப்பியுங்கோ, கொஸ்ற் ஒஃப் லிவிங் (விலைவாசி உதவி) காசு தாறம்" எண்டு போனுக்கு மெசேஜ் வந்தா அமத்தாதேங்கோ, கள்ளர். அந்தத் திட்டம் 2024 மாசியோட முடிஞ்சுது.

ரக்ஸ் கிரெடிட் 2025 ஏப்பிரல் 5ஓட நாடு முழுக்க மூடியாச்சு, இனி அது ஆருக்கும் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் வேலையில்லாத ஆக்களுக்கு எண்டு இவர் சொன்னது பிழை. ரக்ஸ் கிரெடிட்டின்ர இடத்துக்கு வந்ததே அதுதான். 2025-26 கணக்கப் பாருங்கோ: சோடிக்கு (25 வயசுக்கு மேல) மாதம் 628.10, மூத்த பிள்ளைக்கு 339, ரெண்டாவதுக்கு 292.81, மொத்தம் 1259.91. வாடகை உதவியும் சேந்தா உங்கட சம்பளத்தில முதல் 411 பவுணைத் தொடாயினம், மிச்சத்தில பவுணுக்கு 55 பென்ஸ் கழிப்பினம். ரெண்டு பேருக்கும் சேத்து கைக்கு 2120 வருது எண்டு வையுங்கோ, 1709ல 55 வீதம் கிட்டத்தட்ட 940. மிச்சம் 320 பவுண் வரும், அதுக்கு மேல வாடகைக்கு எண்டு இருக்கிற இடத்தைப் பொறுத்து ஒரு தொகை. லண்டன் வாடகைக்கு அந்தத் தொகைதான் பெரிசு. பதினொரு மாதமா இதை விட்டிட்டு இருந்திருக்கிறீங்கள், கோவிக்காதேங்கோ.

மூண்டாவது பிள்ளைக்கு 2026 ஏப்பிரல் வரைக்கும் ஒண்டும் இல்லை, 2017 ஏப்பிரல் 6இலயோ பிறகோ பிறந்த மூண்டாவது பிள்ளைக்கு இல்லை எண்ட சட்டம் ரக்ஸ் கிரெடிட்டிலயும் இருந்தது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா போன மாதம் பட்ஜெட்டில அந்த ரெண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டை 2026 ஏப்பிரல்ல எடுக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். அதுக்கு முதல் உள்ளுக்க நில்லுங்கோ.

கடிதத்தைத் தவறவிட்டதால போனது ரெண்டு விசயம். ஒண்டு, பழைய காசை விடக் குறைஞ்சா அதை ஈடுகட்டித் தாற மேலதிகக் காசு. மற்றது காணி விசயத்தில வருது, அதை இரவைக்கு எழுதுறன், வேலைக்குப் போகோணும்.

குரொய்டன்காரன்

மாமா சொன்னதோட நான் ஒண்டு சேக்கிறன் ஏனெண்டா நான் அடிபட்டு அறிஞ்சது. அக்கா, இவருக்குச் சம்பளம் மாதாமாதமோ நாலு கிழமைக்கு ஒருக்காவோ? நாலு கிழமை எண்டா வருசத்தில 13 சம்பளம், அப்ப ஏதோ ஒரு மாதத்தில ரெண்டு சம்பளம் விழும், அந்த மாதம் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில நீங்கள் பெரிய பணக்காரர், சில நேரம் பூச்சியம். எனக்கு 2023ல கார்த்திகை 13க்கும் மார்கழி 12க்கும் இடையில முடிஞ்ச மாதத்திலதான் அந்த ரெண்டு சம்பளமும் விழுந்து பூச்சியம் காட்டினது, அந்த நாட்களத்தான் 299க்குப் பாத்தவை, போச்சு. மற்ற பதினொரு மாதமும் காசு வந்த மனுசன் நான். மாதச் சம்பளக்காரருக்கு ரெண்டு சம்பளம் ஒரே மாதத்தில விழுந்தா ஒண்டை மற்ற மாதத்துக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம், நாலு கிழமைக்காரருக்கு அது இல்லை. பூச்சியம் வந்த மாதம் பயந்து விட்டிடாதேங்கோ, அடுத்த மாதம் திரும்ப வரும், ஆனா ஓன்லைன் கணக்கைத் திறந்து பாத்துக்கொண்டு இருங்கோ, சில நேரம் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லும்.

கோவை_டு_ரீடிங்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இதே மாதிரி ஒரு டவுட் எனக்கும். நான் பிரிட்டிஷ் சிட்டிசன், வொய்ஃப் ஸ்பவுஸ் விசால இருக்காங்க, அவங்க கார்டுல பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிப் பணம்) கிடையாதுன்னு போட்டிருக்கு, ஒரு குழந்தை இங்கயே பிறந்தது. நான் வேர்ஹவுஸ்ல வேலை. நான் கிளெய்ம் பண்ணா அவங்க விசா எக்ஸ்டென்ஷன்ல பிரச்சனை ஆயிடும்னு ஃப்ரெண்டு பயமுறுத்திட்டான், அதனால சைல்டு பெனிஃபிட் (குழந்தைக்கு அரசாங்கம் தர்ற பணம்) கூட இதுவரைக்கும் போடல. அவங்கள பத்தி சொல்லாம என் பேர்ல மட்டும் தனி ஆளுன்னு போட்டா ஓகேவா?

லெஸ்டர்மாமா

கோவைத் தம்பி, தனி ஆள் எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ. ஒரே வீட்டில இருந்துகொண்டு மனிசியைச் சொல்லாமல் விட்டா அது மோசடி, பிறகு விசாவுக்கு அதுதான் ஆபத்து. மனிசி இருக்கிறா, அவவின்ர விசா இப்பிடி எண்டு விண்ணப்பத்திலயே சொல்லுங்கோ. அப்ப உங்களுக்கு தனி ஆளின்ர தொகை, 2025-26ல மாதம் 400.14, அதோட பிள்ளைக்கானது. மனிசி உழைச்சா அவவின்ர சம்பளத்தையும் கணக்கில எடுப்பினம், அது கொஞ்சம் அநியாயம்தான் எண்டு எனக்குப் படுது, பங்கு தராமல் உழைப்பை மட்டும் எண்ணுறது. ஆனா அவவுக்காக எண்டு ஒரு சதமும் கூட்டித் தராதபடியா அவ விசா நிபந்தனையை மீறினதா வராது, குடிவரவு விதியிலயே அப்பிடித்தான் இருக்கு. சைல்ட் பெனிஃபிட்டை உங்கட பேரில இண்டைக்கே போடுங்கோ, முதல் பிள்ளைக்கு 2025-26ல கிழமைக்கு 26.05, பின்னுக்கு மூண்டு மாதம் வரைக்கும்தான் தருவினம், அதுக்கு முந்தினது போனது போனதுதான்.

தங்கச்சி, உங்கட காணிக் கதை. ரக்ஸ் கிரெடிட்டில எவ்வளவு சேமிப்பு எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை, பாங் வட்டி வந்தா மட்டும்தான் கணக்கு. இதில அப்பிடியில்லை. சேமிப்பும் சொத்தும் 16,000 பவுணுக்கு மேல போனா ஒண்டும் இல்லை, 6,000 வரைக்கும் பாக்காயினம், இடையில ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 கழிப்பினம். ஊர்ச் சொத்தும் சொத்துத்தான். எங்கட சனத்தில முக்கால்வாசிப்பேர் இதை மறைக்கினம், எனக்குத் தெரியும், நீங்கள் அந்த வழிக்குப் போகாதேங்கோ. அம்மா பென்சன் வயசைத் (2025ல 66) தாண்டினவ எண்டா, அவ குடியிருக்கிற வீட்டைக் கணக்கில எடுக்கிறேல்ல எண்டு விலக்கு இருக்கு. அப்ப மிச்சம் காணிதான். இண்டைக்கு வித்தா என்ன விலையோ அதில பத்து வீதம் விக்கிற செலவுக்குக் கழிச்சு, அடகு இருந்தா அதையும் கழிச்சுத்தான் பெறுமதி. துண்டுக் காணி எண்டுறீங்கள், எத்தினை பரப்பு, எந்தப் பக்கம் எண்டதில தங்கியிருக்கு, ரவுண் பக்கம் எண்டா இப்ப விலை சும்மா இல்லை. நகையைப் பற்றி யோசிக்காதேங்கோ, போடுற நகையை எண்ணுறேல்ல, இதுக்கெண்டே காசைக் கொண்டுபோய் நகையாக்கினாத்தான் பிரச்சினை. சீட்டு எடுத்து பாங்கில வைச்சிருந்தா அது சேமிப்பு.

அப்ப காலமை சொன்ன ரெண்டாவது விசயம் இதுதான்: கடிதத்தில போட்ட திகதிக்குள்ள மாறியிருந்தா, 16,000க்கு மேல இருந்தாலும் ஒரு வருசம் அதைப் பாக்காமல் விட்டிருப்பினம்.

மூண்டுபிள்ளை_அம்மா

நன்றி அண்ணா, தம்பி. அம்மாவுக்கு 74. காணி ரெண்டு பரப்பு, ரவுண் இல்லை, தீவுப் பக்கம், அண்ணைமாரோட பங்கு, என்ர பேரில மூண்டில ஒண்டு. இரவு இவரோட இருந்து கதைச்சனான், முதல் கோவிச்சார், பிறகு அந்த 320 கணக்கைக் காட்ட பேசாமல் இருந்தார். இவருக்கு நாலு கிழமைச் சம்பளம்தான், எனக்கு மாதக் கடைசியில வரும். எந்த நாளில போடுறது நல்லம்? பழைய ரக்ஸ் கிரெடிட்டில 600 சொச்சம் கூடத் தந்திட்டம் எண்டு ஒரு கடிதமும் கிடக்கு.

குரொய்டன்காரன்

அக்கா விண்ணப்பிச்ச திகதியில இருந்துதான் உங்கட "மாதம்" தொடங்கும், பேந்து மாத்தேலாது. உங்கட சம்பளம் மாதக் கடைசி எண்டா 28, 29, 30 பக்கம் போடாதேங்கோ, சனி ஞாயிறு வந்து ஒரு நாள் முந்தி விழுந்தாலே ரெண்டு சம்பளமாகிடும். மாத நடுவில போடுங்கோ. அதுக்காக கன நாள் காத்திருக்கவும் வேண்டாம், முதல் காசு வர அஞ்சு கிழமை எடுக்கும், இடையில கஸ்ரம் எண்டா முற்பணம் கேக்கலாம், ரெண்டு வருசத்தில கழிப்பினம்.

லெஸ்டர்மாமா

அந்த 600ஐயும் யூனிவர்சல் கிரெடிட்டில இருந்து கழிப்பினம், ஆனா 2025 சித்திரை முடிவில இருந்து அடிப்படைத் தொகையில 15 வீதத்துக்கு மேல கழிக்கக்கூடாது எண்டு குறைச்சிருக்கினம், முந்தி 25. காணிப் பங்குக்கு ஊரில ஆரையும் கொண்டு ஒரு விலைக் கடிதம் எடுத்து வையுங்கோ, கேட்டாக் காட்டலாம். மூத்தவர் செக்கண்டரியில எல்லோ? 2026 புரட்டாதியில இருந்து இங்கிலாந்தில யூனிவர்சல் கிரெடிட் வாற எல்லா வீட்டுப் பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடச் சாப்பாடு இலவசம், சம்பளம் எவ்வளவு எண்டு பாக்காயினம். அதையும் இவருக்குச் சொல்லுங்கோ. பாங் ஸ்டேட்மெண்ட், வாடகை ஒப்பந்தம், பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம் எல்லாத்தையும் எடுத்து வைச்சிட்டு 15ந்திகதி இருந்து போடுங்கோ, நடுவில எங்கயும் தடக்குப்பட்டா இஞ்ச எழுதுங்கோ, நான் வேலை முடிஞ்சு ஏழுக்குப் பிறகு பாப்பன்.