தோள்மாற்றம்: இரு மின்வழங்கிகளுக்கு இடையிலான தானியங்கு மாற்றத்திற்கு ஒரு சொல்

வணக்கம்.

ஒரு மின்வழங்கி நின்றவுடன் மற்றொன்று சுற்றின் சுமையைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு ‘தானியங்கி மின்வழங்கல் மாற்றி’ என்ற தொடர் முன்மொழியப்பட்டுள்ளது. பொருள் தெளிவாக இருந்தாலும், அதைக் கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு தெரியும். ‘மாற்றி’ ஏற்கெனவே மின்மாற்றிக்கும், மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் தரும் சுற்றுகளுக்கும் உரிய சொல்லாகிவிட்டது. அத்தகைய சுற்று ஒன்று இதே பலகையில் பெரும்பாலும் இருக்கும். மேலும் அத்தொடரிலிருந்து ‘மாறும் நேரம்’, ‘மாறும் வரம்பு’ போன்ற கிளைச்சொற்களைச் சுருக்கமாக ஆக்க முடிவதில்லை.

அதற்கு மாற்றாக எண்ணக்கூடிய ‘மூலமாற்றி’ சுருக்கமானதுதான். ஆனால் இச்சுற்றின் உயிர்நாடியான, சுவிட்சாகச் செயல்படும் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரின் முனைகளை மூலம், வடிகால், வாயில் என்று எழுதுகிறோம். மின்கலத்தை வடிகாலிலும் சுமையை மூலத்திலும் இணைக்க வேண்டிய ஒரு சுற்றை விளக்கும்போது, ‘மூலம்’ என்பது மின்கலத்தைக் குறிக்கிறதா மாஸ்ஃபெட்டின் முனையைக் குறிக்கிறதா என்ற ஐயம் வாசிப்பவருக்கு எழக்கூடாது. ‘மடைமாற்றி’ அழகிய சொல். ஆயினும் மடைமாற்றத்தில் வந்த நீர் வேறொரு வயலுக்குப் போகிறது, அதாவது சேருமிடம் மாறுகிறது. நமக்கு வேண்டியதோ சேருமிடம் மாறாமல் வருமிடம் மட்டும் மாறுவது.

ஆகவே ‘தோள்மாற்றம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மின்னியலில் ‘சுமை’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. சுமை அப்படியே இருக்க, தாங்கும் தோள் மட்டும் மாறுவதுதான் இங்கே நிகழ்வது. பாரம் கீழே விழாமல் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. செயலுக்குத் தோள்மாற்றம், கருவிக்குத் தோள்மாற்றி, ஆகும் காலத்திற்குத் தோள்மாற்று நேரம் என்று வேண்டியவாறு விரியும்.

ஒரு சொல்லின் தகுதியை உண்மையான சுற்றொன்றில் வைத்துப் பார்ப்பதே முறை. 5 வோல்ட் வெளிவழங்கியும் லித்தியம் மின்கலமும் உள்ள சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். மிக எளிய வழி, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு ஒன்றை ஒவ்வொரு வழங்கிக்கும் வைத்துச் சுமையில் சேர்ப்பது. எதன் அழுத்தம் கூடுதலோ அது சுமையை ஏற்கும்; இரண்டும் ஏறக்குறைய சமமானால் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். இதைத் தோள்மாற்றம் என்று சொல்லத் தயங்குகிறேன். இங்கே முன்னுரிமை என்று எதுவும் இல்லை, டையோடு இணைப்பு என்றே விட்டுவிடலாம். இழப்பும் பெரிது: ஷாட்கி டையோட்டில் 0.4 வோல்ட் விழுமானால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.8 வாட் வெப்பமாகிப் போகிறது. அதே இடத்தில் 20 மில்லிஓம் தடையுள்ள மாஸ்ஃபெட் இருந்தால் வீழ்ச்சி 40 மில்லிவோல்ட், இழப்பு 0.08 வாட்.

எனவே மின்கலத்தின் வழியில் பி-வகை மாஸ்ஃபெட் ஒன்றை வைக்கிறோம். வடிகால் மின்கலத்தோடும், மூலம் சுமையோடும், வாயில் 5 வோல்ட் வரும் கம்பியோடும் இணைகின்றன. வாயிலிலிருந்து தரைக்கு ஒரு மின்தடை செல்கிறது. வெளிவழங்கி தன் டையோடு வழியாகச் சுமையை அடைகிறது. 5 வோல்ட் இருக்கும்வரை மாஸ்ஃபெட் மூடியிருக்கும், அதாவது மின்னோட்டத்தை விடாது. மின்கலம் முழுமையாக 4.2 வோல்ட்டில் இருந்தாலும் சுமையின் பக்கம் 4.6 வோல்ட் இருப்பதால், மாஸ்ஃபெட்டுக்குள் அமைந்த டையோடும் மின்னோட்டத்தை விடாது. வெளிவழங்கி நின்றதும் அந்த உள்டையோடு முதலில் சுமையைப் பிடித்துக்கொள்கிறது. வாயிலின் அழுத்தம் இறங்கிய பிறகு மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடைவெளியைத்தான். 5 வோல்ட் கம்பியில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்து, வாயில் மின்தடை 100 கிலோஓம் ஆக இருந்தால், மின்தேக்கி அந்த மின்தடை வழியாக வடியும் காலத்தைக் காட்டும் இரண்டின் பெருக்கம் 1 விநாடி. ஏறக்குறைய அவ்வளவு காலமும் சுமை உள்டையோட்டின் வழியாகவே ஓடும். மின்கலம் 3.7 வோல்ட்டில் இருந்தால், உள்டையோட்டின் வீழ்ச்சி போகச் சுமைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 வோல்ட்; 3.3 வோல்ட் தேவைப்படும் நுண்கட்டுப்படுத்தி மீளத் தொடங்கிவிடக்கூடும். ‘தோள்மாற்று நேரம்’ என்ற சொல் கையில் இருந்தால், இந்தப் பிழையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மின்தடையைக் குறைத்தால் தோள்மாற்று நேரம் குறையும்.

இடைவெளியைத் தாங்கும் மின்தேக்கியின் அளவை மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி, பொறுக்கக்கூடிய அழுத்த வீழ்ச்சியால் வகுத்துப் பெறலாம். 1 ஆம்பியர், 100 மைக்ரோவிநாடி, 0.5 வோல்ட் என்றால் 200 மைக்ரோஃபாரட் போதும். அதே வேலைக்கு மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வைத்து நேரம் 10 மில்லிவிநாடி ஆகுமானால் 20,000 மைக்ரோஃபாரட் வேண்டும்.

இங்கிருந்து இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. பழைய வழங்கியைத் துண்டித்த பின்னரே புதியதை இணைக்கும் முறையை ‘விட்டுப்பற்றல்’ எனலாம். இதில் ஒரு கணம் சுமையை மின்தேக்கி மட்டுமே தாங்கும். எதிர்முறைக்குப் ‘பற்றிவிடல்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் ‘விடு’ துணைவினையாகவும் வருவதால் அது ‘பற்றி முடித்தல்’ என்றும் பொருள்படும். ஆகவே ‘பற்றியபின் விடல்’ என்றே எழுத வேண்டுகிறேன். சில எழுத்துகள் கூடினாலும் பொருள் மயங்கக்கூடாது. இம்முறையில் இரண்டு வழங்கிகளும் ஒரு கணம் இணைந்திருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பின்னோட்டம் பாயும். மீளமின்னேற்ற முடியாத லித்தியம் நாணயக்கலம் உள்ள சுற்றில் இது ஆபத்தானது.

வரம்புகளுக்கும் ஒரு சொல் வேண்டும். பலவீனமான முதன்மை வழங்கி சுமையால் தாழ்ந்து, தோள்மாற்றம் நிகழ்ந்து, சுமை நீங்கியதும் மீண்டும் உயர்ந்து, மீண்டும் சுமையை வாங்கிக்கொண்டு தாழும். இப்படியே விடாமல் துடிக்கும். இதைத் தடுக்க, போகும் வரம்பையும் திரும்பும் வரம்பையும் வேறுபடுத்துகிறோம். டிஎஸ்1307 என்னும் கடிகாரச் சில்லு, முதன்மை அழுத்தம் மின்கலத்தின் அழுத்தத்திற்குக் கீழே இறங்கியதும் மின்கலத்திற்கு மாறுகிறது. திரும்பி வருவதற்கோ அது மின்கலத்தைவிட 0.2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 3 வோல்ட் கலமானால் திரும்பும் வரம்பு 3.2 வோல்ட். இந்த வேறுபாட்டிற்கு, காந்தவியலில் ஏற்கெனவே வழங்கும் ‘தயக்கம்’ (ஹிஸ்டரிசிஸ்) என்ற சொல்லே போதும். ‘தோள்மாற்றத் தயக்கம்’ என்று எழுதினால் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

மூன்று வழங்கிகள் உள்ள சுற்றுகளில் எது முதலில், எது அடுத்து என்ற ஒழுங்கிற்குத் ‘தோள்மாற்று வரிசை’ என்பது என் எண்ணம். ஆனால் அங்கே ‘முன்னுரிமை வரிசை’ என்பதும் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டில் எதைக் கொள்வது என்பதை, இத்தகைய சுற்றுகளை வடிவமைப்போர் தம் எழுத்தில் பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.