47 கேஜ் கம்பியில் இழுவை பார்ப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வைண்டிங்: ரிலேக்கு (மின்சாரத்துல இயங்குற சுவிட்ச்) காயில் சுத்துறோம். 47 கேஜ், அதாவது 0.05 மி.மீ. செம்புக் கம்பி. அஞ்சு காயில்ல ஒண்ணுல ஓம்ஸ் (மின்தடை) கூடுதலா வருது. கம்பி இழுபட்டு மெலியுதோன்னு சந்தேகம். மூணு உருளை வெச்ச டென்ஷன் மீட்டர் 9 கிராம்னு காட்டுதுங்க. நம்பலாமா?

சித்தூர் மாஷ்: நம்பாதீங்க. இந்த அளவுல உருளை பேரிங்கோட உராய்வே கணக்கைக் கெடுத்துடும். பிளஸ் டூவுல பண்ணின சுரமானி (கம்பியை இழுத்துக் கட்டி அதிர்வைப் பார்க்கற பெட்டி) ஞாபகம் இருக்கா? இந்தக் கம்பி மீட்டருக்கு 0.0176 கிராம். 10 கிராம் இழுவையில 75 செ.மீ. நீளம் 50 ஹெர்ட்ஸுக்கு அதிரும். டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து கம்பியில கொஞ்சம் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. விட்டு, நடுவுல காந்தம் வெச்சு, எந்த நீளத்துல நல்லா ஆடுதுன்னு பாருங்க. நீளம் தெரிஞ்சா இழுவை கையில.

வாளையாறு லேத்: மாஷே, கரண்ட் விட்டா கம்பி சூடாகாதா? ரெண்டு முனையும் இறுக்கின கம்பி 10 டிகிரி சூடேறினா 0.017 சதவீதம் விரியும். 10 கிராமுக்கு அது நீளுறதே 0.04 சதவீதம்தான். அஞ்சுல ரெண்டு பங்கு இழுவை போச்சு! என் வழி சுலபம்: 20 செ.மீ. இடைவெளி, நடுவுல 0.2 கிராம் வளையம். 10 கிராம்னா 1 மி.மீ. தொய்யும்.

சித்தூர் மாஷ்: 20 மில்லிஆம்பியர் போதும், ஒரு டிகிரிகூட ஏறாது. உங்க வளையம் மட்டும் யோக்கியமா? முனை இறுக்கியிருந்தா அந்தத் தொய்வே இழுவையை ஒரு கிராம்கிட்ட கூட்டிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிச்சா வளையம் ஊஞ்சலாடும், அது வேற.

வாளையாறு லேத்: காத்துக்கு உங்க கம்பி மட்டும் சும்மா நிக்குமாக்கும்! பெட்டி போட்டு மூடிக்கலாம்.

காயில்காரி: ரெண்டு பேரும் நிக்கிற கம்பியையே அளக்கறீங்க. சதுர பாபின்ல (கம்பி சுத்துற கட்டை) ஒவ்வொரு மூலைக்கும் கம்பி வெடுக்குனு இழுபடும், அதை எந்த வளையம் காட்டும்? அண்ணா, முதல்ல ஸ்பூல்ல இருந்து ஒரு மீட்டர் வெட்டி அளந்து பாருங்க. 20 டிகிரியில 8.8 ஓம் வரணும். நம்மூரு வெயில்ல 35 டிகிரின்னா 9.3. ஒரு மைக்ரான் மெலிஞ்ச கம்பி வந்திருந்தாலே 4 சதவீதம் கூடும். இழுவை மேல பழி போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை வைண்டிங்: நோட்டைப் புரட்டினேன். கூடுதலா வந்ததுல பாதிக்கு மேல மத்தியானம் அளந்ததுங்க. மிச்சத்துக்கு மாஷ் சொன்ன காந்தத்தைத் தேடிட்டு இருக்கேன்.